அப்பா பெருக்கிய கேக்

வீட்டில் கணக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் கேக் செய்வது அவ்வளவு லேசில்லை. அப்பா இடைநிலைப்பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடியில் இப்போது அவருக்கு மாணவர்கள் கிடையாது. நாங்கள்தான் இருக்கிறோம்.

தீபாவளி முடிந்து வந்த சனிக்கிழமை எங்கள் திறந்த இல்ல உபசரிப்பு. சித்தப்பா குடும்பத்தோடு வருவதாகப் போன் வந்ததும், பட்டர் கேக்கை இரண்டு மடங்காகச் செய்துவிடலாம் என்றேன். அளவு எனக்கு மனப்பாடம். வெண்ணெய், சீனி, மாவு மூன்றும் 250 கிராம், முட்டை 4, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி. 8 அங்குல வட்ட டின், 180 டிகிரி, முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட.

"எல்லாத்தையும் ரெண்டால பெருக்கு, முடிஞ்சது" என்றான் தம்பி.

"சூட்டையுமா?"

யோசித்தான். எங்கள் ஓவனின் திருகு 250-க்கு மேல் போகாது என்பது நாங்கள் செய்த புண்ணியம்.

"சரி, டின்?" என்று உள்ளேயிருந்து அப்பாவின் குரல்.

"16 அங்குலம்!"

அவ்வளவுதான். மின்சாரக் கட்டண உறையும் பேனாவுமாக அப்பா வந்து உட்கார்ந்துவிட்டார். "விட்டத்தை இரட்டிச்சா பரப்பு நாலு மடங்குடா! பை ஆர் ஸ்கொயர். ஆரம் 4, பரப்பு 50. இரண்டு மடங்குன்னா 100. அதுக்கு விட்டம் என்ன?" தம்பி என்னைப் பார்த்தான், நான் மின்விசிறியைப் பார்த்தேன். விடை 11.3 அங்குலம். அப்படி ஒரு டின்னை எந்தக் கடைக்காரன் செய்து வைத்திருப்பான் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

இதற்குள், இளகட்டும் என்று மேசையில் வைத்திருந்த இரண்டு கட்டி வெண்ணெயும் கோலாலம்பூர் வெயிலுக்கு ஓரமெல்லாம் உருகிக் காகிதத்துக்கு வெளியே எட்டிப் பார்த்தது. அப்படி உருகிய வெண்ணெயைச் சீனியோடு எவ்வளவு அடித்தாலும் காற்று பிடிக்காது, கேக் கல்லாகிவிடும். அம்மா ஒன்றும் பேசாமல் தூக்கிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளினார்.

பக்கத்து வீட்டு மச்சிக், அதாவது மலாய்க்கார அத்தை, முறுக்கு டப்பாவைத் திருப்பித் தர வந்தவர், வாசலில் நின்றே பாடத்தின் கடைசிப் பகுதியைக் கேட்டார். போனார். ஹரி ராயா பெருநாளுக்குக் கேக் செய்யும் சதுர டின்னோடு வந்தார். இது போதுமா என்று எப்படித் தெரியும் என்றேன். "அகாக்-அகாக்", எல்லாம் ஒரு குத்துமதிப்புதான் என்று கையை விரித்துச் சிரித்தார்.

அப்பா அடிக்கோலை எடுத்து அளந்தார். பத்துக்குப் பத்து. மறுபக்கமும் அளந்தார். நூறேதான்.

"விடை சரி. ஆனா வழிமுறை காட்டல."

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. எங்கள் கை மிக்சர் 500 கிராம் வெண்ணெயைப் பார்த்ததும் முனகியதால் பாதி பாதியாக அடித்து, அம்மாவின் சோற்றுக் குண்டானில் ஒன்றுசேர்த்தோம். குளிர்ந்த முட்டையை மொத்தமாக ஊற்றினால் கலவை திரிந்துவிடும், அதனால் எட்டையும் ஒவ்வொன்றாக. மாவைக் கொட்டிய கையோடு தம்பி மிக்சரை முழு வேகத்தில் தட்டிவிட்டான். அப்பாவின் கண்ணாடி விபூதி பூசிக்கொண்டது. டின் பெரிதானால் ஓரம் சீக்கிரம் வெந்து நடு பின்தங்கும் என்பதால் சூட்டை 160-க்கு இறக்கினேன். ஒரு மணி நேரம் தாண்டித்தான் குச்சி ஈரமில்லாமல் வந்தது. மேலே பொன்னிறம், நடுவில் லேசாக ஒரு வெடிப்பு. நல்ல பட்டர் கேக்குக்கு அந்த வெடிப்பு இருக்க வேண்டும், நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்பாவே அடிக்கோல் வைத்து இரண்டு அங்குலத் துண்டுகளாக 25 வெட்டினார். தலைக்கு எத்தனை என்பதுகூட உறையில் இருந்தது.

சித்தப்பா குடும்பம் வந்தது. தட்டை நீட்டினேன்.

"கேக்கா? முட்டை போட்டதாமா?" என்றார் சித்தி. "நாங்க எல்லாரும் கந்த சஷ்டி விரதம்லா."

அப்பா உறையைத் திருப்பி, பேனாவைத் தேட ஆரம்பித்தார்.