கீழ்மட்டக் கரும்பலகையும் ஓதம் ஏறும் சுவரும்

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் தமிழகம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல், அதாவது குழந்தைகள் தாங்களே செய்து பார்த்துக் கற்கும் முறை, வகுப்பறைச் சுவரையே மாற்றிவிட்டது. குழந்தைகள் தரையில் வட்டமாக உட்கார்வார்கள். சுற்றுச்சுவரில் அவர்கள் கைக்கு எட்டும்படி கீழ்மட்டக் கரும்பலகை. தலைக்கு மேல் படைப்புகளைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல்.

தொல்லை சுவரின் அடியில்தான். பழைய கட்டடங்களில் தரையிலிருந்து சுவரில் ஓதம் (ஈரம்) ஏறும். அந்தச் சுவர்மேல் அப்படியே கறுப்பு பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்காலத்திலேயே பொருக்குப் பொருக்காக உதிரும். பழைய பூச்சைச் செங்கல் தெரியக் கொத்திவிட்டு, நீர்க்காப்புக் கலவை சேர்த்த சிமென்ட் பூச்சு பூசுங்கள். அது முழுக்கக் காய்ந்த பிறகே பெயின்ட். அவசரப்படுத்தும் ஒப்பந்ததாரரை நம்பாதீர்கள்.

ஜன்னலுக்கு நேர் கீழே பலகை வேண்டாம். வெளிச்சம் கண்ணில் அடித்து எழுத்து தெரியாது. கம்பியை மின்விசிறியை விட்டுத் தள்ளியே கட்டுங்கள்.