கல்லடிக் கடற்கரையை வரைபவர்களுக்கு

மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையைப் பின்னேரத்தில் வரையும் பலர் கடலுக்குள் சூரியனை இறக்கிவிடுகிறார்கள். அது மேற்கே கடல் உள்ள கொழும்புக் காலிமுகத்திடல். நம்முடைய கடல் கிழக்கில். ஐந்து மணி வெயில் வாவிப் பக்கமிருந்து வரும்; சவுக்கு நிழல் கடலை நோக்கி நீளும்; கடலைப் பார்த்து இருப்பவர்களின் முதுகில்தான் வெளிச்சம், முகம் நிழலில்.

நினைவிலிருந்து வரைவதென்றால் முதலில் ஆண்டைத் தீர்மானியுங்கள். திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சாய்ந்து நின்றால் அது 2004 சுனாமிக்குப் பிந்திய கரை. புதிய கல்லடிப் பாலம் திறந்தது 2013இல். அதற்கு முந்திய வாவிக்கரைக் காட்சியில் ஆட்கள் பழைய இரும்புப் பாலத்தில்தான் போக வேண்டும். பழைய அல்பத்துக் கலர்ப் படங்களின் சிவப்பை நம்பி மணலைச் சிவக்க வைக்காதீர்கள். நீலச் சாயம் மங்கியதால் வந்த சிவப்பு அது.

ஆட்களை வரைய முன், ஒவ்வொரு குடும்பமும் பாய் விரித்த இடத்தைக் கரியால் ஒரு வட்டமாகக் குறியுங்கள். வட்டங்களுக்கு நடுவே கிடக்கும் வெறும் மணல்தான் யார் யாரோடு எவ்வளவு நெருக்கம் என்று சொல்லும். அந்த மணலை நிரப்பிவிடாதீர்கள். கச்சான் விற்பவரைச் சுற்றி மட்டும் தமிழ், முஸ்லிம், பறங்கிப் பிள்ளைகள் தோளோடு தோள் நிற்கட்டும்.

கண்மட்டம் இன்னும் முக்கியம். நின்று வரைந்தால் பாயில் இருப்பவர்கள் தொடுவானத்துக்குக் கீழே போய், யாரோ மேலிருந்து கண்காணிப்பது போலாகும். நீங்களும் மணலில் உட்கார்ந்து வரைந்தால் தொடுவானம் இருப்பவர்களின் கண்ணோடு ஓடும். படம் பார்ப்பவரும் அந்தப் பாயில் ஓராள். கரை சரிவதால் அலையருகே நிற்பவர்களைக் கொஞ்சம் தாழ்த்துங்கள்.

நம்மவர் தோல்தான் பெரும்பாலும் கெட்டுப்போகிறது. தோல் நிறம் என்று விற்கும் இளஞ்சிவப்பு டியூப் வெள்ளைக்காரருக்கானது. இரண்டு பங்கு பேர்ண்ட் அம்பர் என்ற கரும்பழுப்புக்கு ஒரு பங்கு அல்ட்ராமரின் நீலம் கலந்தால் நிழற்பக்கம் வரும். வெயில் பட்ட முதுகுக்குப் பேர்ண்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கொஞ்சம் யெலோ ஓக்கர் என்ற காவி மஞ்சளும். வெளிச்சம் வேண்டுமென்று வெள்ளையைப் போட்டால் தோல் சாம்பல் பூத்துவிடும். நனைந்த தோளில் மின்னுவது வானம். அங்கே இளநீலம் ஒரு பொட்டுப் போதும்.

அமெரிக்க ஓவியர் கெரி ஜேம்ஸ் மார்ஷல் 1997இல் வரைந்த 'பாஸ்ட் டைம்ஸ்' படத்தில் கறுப்பினத்தவர்கள் ஏரிக்கரையில் ஓய்வாக இருக்கிறார்கள், விளையாடுகிறார்கள். இந்த ஓய்வு யாருக்கு உரியது என்று கேட்கிற படம். ஐவரி, கார்பன், மார்ஸ் என்ற மூன்று கறுப்புகளை எடுத்து, அவற்றில் வேறு நிறங்கள் கலந்து வரைபவர் அவர். அதனால் கறுப்பு தட்டையாகக் கிடக்காமல் உடம்பாக நிற்கிறது. முஸ்லிம் பெண்கள் அணியும் ஹபாயாவின் கறுப்புக்கும் இதையே செய்யலாம்: வானத்தைப் பார்க்கும் மடிப்பில் நீலம், மணலைப் பார்க்கும் மடிப்பில் அம்பர். பக்கத்தில் இருப்பவரின் தோலுக்கு அதே கலவையைத் தொடாதீர்கள், துணியும் தோலும் ஒன்றாகிவிடும்.

கடற்காற்றில் அக்ரிலிக் நிறம் சில நிமிடங்களிலேயே காய்ந்துவிடும். கலவைத் தட்டில் ஈரத் துணி விரித்து, அதன்மேல் கேக் தட்டில் விரிக்கும் எண்ணெய்த்தாள் போட்டு நிறம் எடுங்கள்.