காரில் செருகிய போன் ஏன் சார்ஜ் ஏறவே மாட்டேன் என்கிறது?

போன மாதம் ஊருக்குப் போகும் வழியெல்லாம் மேப் ஓடிக்கொண்டே இருந்தது, போனும் காரின் யுஎஸ்பி போர்ட்டிலேயேதான் கிடந்தது, ஆனாலும் மூன்று மணி நேரத்தில் 60 சதவீதம் 48க்கு இறங்கிவிட்டது. போன் பழசாகிவிட்டது என்றாள் மனைவி. போன் மேல் தப்பே இல்லை. பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட். எரிகிற திரையும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்தால் அதற்கு மேலேயே குடித்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும், சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகும் பழைய மலிவு சார்ஜர் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு காயில், ஒரு டயோடு, இரண்டு கெப்பாசிட்டர், எட்டுக்கால் சிப் ஒன்று. சிப் மேல் எம்சி34063 என்று மங்கலாக எழுத்து. பாவம், 12 வோல்ட்டை 5 ஆக இறக்குவதோடு அதன் வேலை முடிந்தது, போனோடு பேசத் தெரியாது. இவ்வளவு கரண்ட் எடுத்துக்கொள் என்று எதிர்முனை சொல்லாதவரை போன் அளந்துதான் எடுக்கும்.

இப்போது வரும் சிப்கள் வேறு ரகம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஎஸ்25830ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: வோல்ட்டேஜை இறக்கும் ஸ்விட்சுகள், டைப் சி போனோடு பேசும் பகுதி, கரண்ட் வரம்பு எல்லாம் ஒரே சிப்புக்குள், சுண்டுவிரல் நகத்தளவு இடத்தில். டைப் சியில் 5 வோல்ட், 3 ஆம்பியர், 15 வாட். கார் பேட்டரி 12 வோல்ட் என்பது பேச்சுக்குத்தான். இன்ஜின் ஓடும்போது 14ஐத் தொடும், ஸ்டார்ட் செய்யும் நொடியில் 6 வரைகூட விழும், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் ஓடும்போது பேட்டரி டெர்மினல் கழன்றால் சட்டென்று எகிறும். இத்தனையையும் தாங்கிக்கொண்டுதான் போனுக்கு நிதானமாக 5 வோல்ட் தர வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கேபிள் இழப்பை ஈடுகட்டும் வேலை. டேஷ்போர்டிலிருந்து பின்சீட் வரை போகும் கம்பியில் 0.2 ஓம் மின்தடை இருந்தால் 3 ஆம்பியருக்கு 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும், போனுக்குக் கிடைப்பது 4.4தான். இந்த சிப் ஓடுகிற கரண்ட்டை அளந்து, கரண்ட் கூடக்கூட தன் பக்கத்து வோல்ட்டேஜையும் கொஞ்சம் ஏற்றிக்கொள்கிறது! என்ன அழகான யோசனை.

லேப்டாப்புக்கு இது போதாது. 20 வோல்ட் கேட்டால் பேட்டரியை விட மேலே ஏற்றவும் தெரிய வேண்டும், அதற்கு ஏற்றவும் இறக்கவும் தெரிந்த பக்-பூஸ்ட் வகை தேவை. இன்பினியன் கம்பெனியின் சிசிஜி7டி சிப் அந்த வேலையை இரண்டு போர்ட்டுக்கும் சேர்த்துப் பார்க்கிறது. அப்புறம், அடுத்த முறை கார் பார்க்கப் போகும்போது பின்சீட் போர்ட் எத்தனை வாட் என்று கட்டாயம் கேட்பேன்.