கொழும்பு ஈரக்காற்றில் ஒரு பனை விழா

கொழும்பில் யாழ்ப்பாணத்துப் பண்பாட்டு விழா என்றால் அநேகமாக ஒரே காட்சிதான். துணி விரித்த மேசையில் நாலு பனையோலைப் பெட்டி, ஒரு கடகக் கூடை, விலை ஒட்டிய பனங்கட்டி, மேடையில் அரை மணி நேர நாதஸ்வரம். பார்க்க வந்த பிள்ளைக்குப் பெட்டி எப்படிப் பின்னுகிறார்கள் என்று தெரியாமலே விழா முடிந்துவிடும். பின்னுகிற கையையும் கொதிக்கிற கூழ்ப் பானையையும் கண்முன்னே கொண்டுவந்து வைக்கவேண்டும். அதற்குக் காசைவிடப் பெரிய தடை ஈரம். பனை வறண்ட மண்ணின் மரம். ஓலை, காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா, பனங்கட்டி எல்லாம் காய்ந்திருந்தால்தான் நன்றாயிருக்கும். கொழும்புக் கடற்காற்று அவற்றை இரண்டு மூன்று நாளிலேயே கெடுக்கத் தொடங்கும். தவில் தோலுக்கும் இதே கதிதான்.

மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள். தை, மாசி நல்லது: கொழும்பில் மழை குறைவு, பனங்கிழங்கும் அப்போதுதான் வடக்கிலிருந்து கட்டுக்கட்டாக வரும். ஆடி, ஆவணியில் பனம்பழம் கிடைக்கும், பனங்காய்ப் பணியாரம் சுட்டுச் சுட்டுக் கொடுக்கலாம். ஆனால் அது தென்மேல் பருவக்காற்றுக் காலம், கூடாரம் இல்லாமல் ஒன்றும் நடவாது. இரண்டும் ஒரே விழாவில் வேண்டும் என்று ஆசைப்படக்கூடாது. பழத்தின் விதையைப் பாத்தியில் புதைத்து, மாதக்கணக்கில் காத்திருந்தால்தான் கிழங்கு. இடத்துக்கு விகாரமகாதேவிப் பூங்காப் பக்கத்து மரநிழல் போதும். அதை ஒட்டிய ஆனந்த குமாரசுவாமி மாவத்தை, 1877இல் இதே நகரில் பிறந்து இலங்கையின் கைவினைகளைப் பற்றி ஆழமாக எழுதியவரின் பெயரைத் தாங்கியது. ஓலை பின்ன அதைவிடப் பொருத்தமான தெரு இங்கே இல்லை.

ஓலை இரண்டு விதமாக வேண்டும். பின்னுவதற்குக் காய்ந்த குருத்தோலை, கூழ் குடிக்கும் ஓலைக் கிண்ணமான பிளாவை மடித்துக் கோலுவதற்குப் பச்சை ஓலை. காய்ந்ததைப் பொலித்தீன் பையில் கட்டி அனுப்புகிறவர்கள் அதிகம். உள்ளே ஈரம் வியர்த்து, இரண்டு நாளில் கறுப்புப் புள்ளி விழும், பிறகு அதைத் துடைத்து எடுக்க முடியாது. பத்திரிகைத் தாளில் சுற்றிப் பருத்தித் துணியில் கட்டவேண்டும். பச்சை ஓலையை நனைத்த சாக்கில் சுற்றி, விழாவுக்கு முதல் நாள் இரவு பஸ்ஸில் ஏற்றினால் போதும். சாயம் போட்ட ஓலையை வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் திரும்பக் கழுவிக் காயவிடவேண்டும், இல்லையென்றால் வியர்த்த கைகளில் எல்லாம் சிவப்பு.

வந்தவர்களுக்குக் கற்றுக் கொடுக்கப் பெட்டியை எடுக்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் அடிகூட முடியாது. ஈர்க்கு நீக்கி, ஒரு சென்றிமீற்றர் அகலத்தில் வார்ந்த 30 சென்றிமீற்றர் நீள ஓலை 16 கொடுங்கள். எட்டை நெடுக்காகவும் எட்டைக் குறுக்காகவும் வைத்து ஒன்று விட்டு ஒன்று பின்னினால், உள்ளங்கை அளவு சதுரத் தட்டு வரும். மிச்ச நுனிகளை மடக்கி, அடுத்த வரிசைக்குக் கீழே சொருகவேண்டும். எல்லோரும் பிழைவிடுவது ஓலையைத் தண்ணீரில் ஊறப்போடுவதில்தான். ஊறிய ஓலை பருத்திருக்கும், இறுக்கிப் பின்னியதுபோலத் தெரியும். வீட்டுக்குப் போய்க் காய்ந்ததும் சுருங்கி, கண் கண்ணாக இடைவெளி விழுந்துவிடும். ஈரத் துணியால் ஒருமுறை நீவினாலே மடங்கும் பதம் வரும். கடகம் பின்னுவதும் நாரால் அதன் விளிம்பைப் பொத்துவதும் தேர்ந்த கைக்கு உரியவை. அவற்றைச் செய்ய ஊரிலிருந்து ஒருவரை அழைத்து, ஒரு நாள் கூலியும் போக்குவரத்தும் கொடுத்து, முன்வரிசையில் இருத்துங்கள். மூலையில் இருத்துவது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

இனி ஒடியல் கூழ். இருபது பிளாவுக்கு அரைக் கிலோ ஒடியல் மா. அரித்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து அரை மணி நேரம் விடுங்கள். மா அடியில் படிந்ததும் மேலே நிற்கும் தண்ணீரை வார்த்துவிட்டு, இன்னொரு முறை அப்படியே செய்யவேண்டும். கைப்பு அந்தத் தண்ணீரோடுதான் போகும். அவசரத்தில் இதைத் தவறவிட்டால் எவ்வளவு நண்டு போட்டும் கூழ் தேறாது. பெரிய பானையில் நாலரை லீற்றர் தண்ணீர் கொதித்ததும் ஒரு கைபிடி அரிசியும் 25 பலாக்கொட்டையும். அவை பாதி அவிந்தபின் கால் கிலோ மரவள்ளி, கால் கிலோ பயற்றங்காய், அரைக் கிலோ நண்டு, தலையோடு ஒரு கிலோ மீன். கால் கிலோ இறால் கடைசியில். மீனில் பாரை, விளை நல்லது. சாளை வேண்டாம், சதை கரைந்து முள் தொண்டையில் நிற்கும்.

செத்தல் மிளகாய் 15, மஞ்சள், உப்பு அரைத்துச் சேர்த்தபின், 100 கிராம் பழப்புளியைக் கரைத்து, படிந்த மாவோடும் ஒரு லீற்றர் தண்ணீரோடும் கலந்து ஊற்றுங்கள். புளியை முன்னமே விட்டால் பலாக்கொட்டையும் மரவள்ளியும் விறைத்துப்போகும், பிறகு எவ்வளவு எரித்தும் அவியாது. மா விட்டதும் தீயைக் குறைத்து, அடிபிடிக்காமல் அகப்பையால் அடியைத் தொட்டுத் துழாவவேண்டும், ஆனால் மீன் உடையாமல். கால் மணி நேரம் கொதித்துப் பச்சை மா வாசனை போனபின் இரண்டு கைபிடி முருங்கையிலை. ஆறினால் இறுகும். இளக்கச் சுடுதண்ணீர்தான் விடவேண்டும், பச்சைத் தண்ணீர் விட்டால் தனியாகப் பிரிந்து நிற்கும். சைவக்காரருக்கு வேறு பானை, வேறு அகப்பை, முடிந்தால் வேறு மேசை. நண்டு, இறால் ஒவ்வாதவர்களுக்காகப் பானைக்கு முன்னால் பெரிய எழுத்தில் எழுதி வைப்பதும் அவசியம்.

பிளாவைக் காய்ந்த ஓலையில் கோலினால் மடிப்பில் வெடித்துக் கூழ் ஒழுகும். பச்சை ஓலையிலும் ஒவ்வொன்றையும் தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகே அடுக்குங்கள். நூறு பேர் வருவார்கள் என்றால் 130 பிளா.

பனங்கட்டியை அதன் சின்ன ஓலைக் கூடான குட்டானிலிருந்து எடுத்துத் தட்டில் அடுக்கக்கூடாது. மத்தியானத்துக்குள் கசிந்து ஒட்டும், எறும்பும் வந்துவிடும். சுவை பார்க்க ஒரு குட்டானை மட்டும் உடையுங்கள். அந்த ஓலைக் குட்டானே பார்க்கத் தகுந்த கைவினை.

தவில், நாதஸ்வரம் கூழ்ப் பானையிலிருந்தும் பின்னுகிறவர்களிடமிருந்தும் தள்ளியே இருக்கட்டும். பக்கத்தில் தவில் முழங்கினால் ஓலை எண்ணிக்கை தவறும். திறந்த வெளியில் தவிலுக்கு ஒலிபெருக்கியே வேண்டாம். ஈரத்தில் தோல் தளர்ந்து, தவிலின் வலப்பக்கமான வலந்தலையின் சுருதி இறங்கும், ஆகவே கலைஞர்கள் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே வந்து, காற்றுப்படாத இடத்தில் வாத்தியத்தை வைத்து வார் இறுக்க இடம் கொடுங்கள். தவில்காரர் விரலில் மாட்டும் கூடுகளும் நமுத்துப்போகும், நாதஸ்வரத்தில் வைத்து ஊதும் சீவாளியும் ஒன்று போதாது. நாதஸ்வரத்தில் அளவெட்டி என். கே. பத்மநாதன், தவிலில் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி போன்றவர்கள் வளர்த்த வாசிப்பு இது. அரை மணி நேரத்துக்குள் திணிக்காமல் இரண்டு மணி நேரமாவது விடவேண்டும்.

விற்காத பெட்டி, கடகங்களை அன்றிரவே கட்டி அனுப்பாதீர்கள். மறுநாள் வெயிலில் மூன்று மணி நேரம் குப்புறக் கவிழ்த்துக் காயவைத்து, சூடு ஆறியபின் தாளில் சுற்றி அனுப்புங்கள்.