ஐஸ் பெட்டியில் தொடங்கும் இரவு

மதியம் மூன்று மணிக்கு ஐஸ் மெஷினின் கதவைத் திறந்து பார்த்தாலே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று பாதி தெரிந்துவிடும். பெட்டி விளிம்பு வரை நிரம்பியிருந்தால் கவலை இல்லை. பாதிதான் இருக்கிறது என்றால் எட்டரை மணிக் கூட்டத்தில் எங்கேயோ இடிக்கப் போகிறது. மதுரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியின் மொட்டைமாடி உணவகங்களுக்கு வருகிறவர்கள் கோபுரத்தின் வெளிச்சத்தையும் பாட்டையும் காற்றையும் பார்க்கிறார்கள். அதற்காகத்தான் வருகிறார்கள், அது நியாயம். பார் கவுண்டருக்குள் நிற்பவர்களுக்கு அந்த இரவு ஐஸில் தொடங்கி ஐஸில் முடிகிறது.

மதுரையில் இதற்குக் காரணம் உண்டு. சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் மதியத்தில் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். மெஷினின் மேல் ‘50 கிலோ’ என்று எழுதியிருப்பது ஒரு நாளில் விழும் ஐஸுக்கு, குளிர்ந்த அறையையும் குளிர்ந்த தண்ணீரையும் வைத்துப் போட்ட கணக்கு. அதே மெஷினை மாடிப்படிக்குக் கீழே, காற்றோட்டம் இல்லாத மூலையில் வைத்துச் சுடுதண்ணீரைக் கொடுத்தால் அந்த எடை வரவே வராது. மெஷினின் சூட்டை வெளியே தள்ளும் கண்டன்சரில் தூசி அடைந்திருந்தால் இன்னும் குறையும். வாரம் ஒருமுறை அதன் முன்னாலுள்ள வலையைக் கழற்றித் தட்டுவதற்குப் பத்து நிமிடம் போதும். பெரும்பாலான இடங்களில் அந்தப் பத்து நிமிடத்தை யாரும் செலவழிப்பதில்லை. போர்த் தண்ணீரை அப்படியே விட்டால் உள்ளே உப்புப் படிந்து கட்டிகள் மெலிந்து, வெளுத்து வரும். ஆர்ஓ தண்ணீர் கொடுக்க வேண்டும், மாதம் ஒருமுறை சிட்ரிக் அமிலக் கரைசலை ஓட்டிக் கழுவ வேண்டும்.

எவ்வளவு ஐஸ் வேண்டும்? ஒரு தலைக்கு முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 60 இருக்கை ஒன்றரை முறை நிரம்பினால் 90 பேர். அப்போது 70 கிலோவுக்குக் குறையக் கூடாது. கிளாஸில் போகும் ஐஸை மட்டும் கணக்குப் போடுகிறவர்கள் ஷேக்கரில் போவதையும், மேசைக்குப் போகும் பக்கெட்டையும், பீர் பாட்டில் புதைத்து வைப்பதையும் மறந்துவிடுகிறார்கள். ஷேக்கர் என்பது பானத்தை ஐஸோடு சேர்த்துக் குலுக்கும் மூடிய குவளை.

ஐஸ் இருந்தால் மட்டும் போதாது, ஐஸுக்கு முன்னால் மற்றதெல்லாம் குளிர்ந்திருக்க வேண்டும். இந்த ஒரு கணக்கைப் புதிதாகச் சேரும் தம்பிகளுக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டினால் மறக்க மாட்டார்கள். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 80 கலோரி வெப்பத்தை இழுக்கும். 150 மில்லி சோடா வெளியே ராக்கில் 35 டிகிரியில் நின்றிருந்தது என்றால், அதை 5 டிகிரிக்கு இறக்க 4,500 கலோரியை எடுக்க வேண்டும். அதாவது 50 கிராமுக்கு மேல் ஐஸ் உருகிக் கிளாஸுக்குள்ளேயே தண்ணீராகிவிடும். வாடிக்கையாளர் கேட்காத 50 மில்லி தண்ணீர் அது. அதே சோடா ஃப்ரிட்ஜிலிருந்து 5 டிகிரியில் வந்திருந்தால் ஐஸ் ஏறக்குறைய அப்படியே மிதக்கும். போதாக்குறைக்கு, சூடான சோடாவில் வாயு நிற்பதில்லை. மூடியைத் திறந்ததும் பொங்கி அடங்கிவிடும், மேசைக்குப் போவதற்குள் செத்த சோடா. “சரக்குல தண்ணி கலந்திருக்கீங்களா?” என்று வரும் சண்டைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. யாரும் கலக்கவில்லை. சோடா கிரேட் வெயிலில் நின்றது, அவ்வளவுதான்.

கவுண்டருக்குள் வைக்கும் ஐஸ் தொட்டியில் அடித்துளை திறந்திருக்க வேண்டும். உருகிய தண்ணீரிலேயே கிடக்கும் ஐஸை ஷேக்கரில் போட்டால் 12 வினாடி குலுக்குவதற்குள் பானம் நீர்த்துவிடும். தொட்டுப் பார்த்தால் விரலில் லேசாக ஒட்ட வேண்டும், வழுக்கக் கூடாது.

கிளாஸால் ஐஸை அள்ளக் கூடாது. அவசரத்தில் எல்லோருக்கும் கை அதற்குத்தான் போகும். ஐஸ் அள்ளும் கரண்டியான ஸ்கூப் எங்கே என்று தேட இரண்டு வினாடி. கிளாஸின் விளிம்பு தெறிக்க அதைவிடக் குறைந்த நேரம். ஐஸுக்குள் விழுந்த கண்ணாடிச் சில்லைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. தொட்டிக்கு அருகே ஒரு கிளாஸ் உடைந்தாலே போதும், அந்த ஐஸ் முழுவதும் கழிவுதான். முதல் வேலையாகக் கொஞ்சம் ரோஸ் சிரப்பை அதன் மேல் ஊற்றிவிட வேண்டும். சிவப்பு நிறத்தைப் பார்த்தால் பக்கத்தில் நிற்பவர் தெரியாமல் கை வைக்க மாட்டார். பிறகு வெந்நீர் ஊற்றி எல்லாவற்றையும் உருக்கி, தொட்டியைத் துடைத்து, துளையில் கைத்துணியை விட்டு எடுத்துப் பார்த்து, புது ஐஸ் போட வேண்டும். இதற்கு 15 நிமிடம் ஆகும், அதுவும் ஒன்பது மணிக் கூட்டத்தில். “மேலாக எடுத்துப் போட்டுவிட்டால் போதாதா” என்று மேலாளர் கேட்பார். போதாது. இதில் விட்டுக்கொடுக்கிற கவுண்டரில் வேலை செய்யாமலிருப்பதே நல்லது.

எலுமிச்சைச் சாறு அன்றைய மாலை பிழிந்ததாக இருக்க வேண்டும். நம் நாட்டு எலுமிச்சையில் ஒன்றுக்கு 15 முதல் 25 மில்லி வரும். கடைசிச் சொட்டு வரை நசுக்கினால் தோலின் வெள்ளைப் பகுதியும் விதையும் சேர்ந்து கசப்பு இறங்கும். மீந்த சாற்றை மறுநாளுக்கு வைப்பது சிக்கனம் இல்லை. நன்னாரி சிரப்பைக் கடையில் வாங்காமல் நீங்களே போடுவதாக இருந்தால், வேரைத் தட்டி நடுவிலுள்ள கட்டையை நீக்கிவிட்டுக் கொதித்து இறக்கிய தண்ணீரில் இரவு முழுக்க மூடி ஊறவையுங்கள். வேரையே போட்டுக் கொதிக்கவிட்டால் அந்த வாசனை ஆவியோடு போய்விடும். ஜிகர்தண்டா சாயலில் எதையாவது மெனுவில் வைத்தால் பாதாம் பிசினைக் காலையிலேயே ஊறப்போட வேண்டும். இரண்டு மணி நேரம் ஊறிய பிசின் நடுவில் கல்லாக நிற்கும். மது தொடாதவர்கள், குழந்தைகளோடு வரும் குடும்பங்கள், கோயிலுக்குப் போய்விட்டு ஒன்பதரை மணிக்கு மேல் பசியோடு ஏறி வருகிறவர்கள் என்று மதுரையில் பாதி மேசை இந்தப் பக்கம்தான். அவர்கள் கிளாஸுக்கும் அதே ஐஸ், அதே கவனம் போக வேண்டும்.

பீர் கிளாஸைச் சமையலறைத் தட்டுகளோடு கழுவக் கூடாது. மீன் வறுவல் தட்டைத் தேய்த்த அதே பஞ்சு கிளாஸைத் தொட்டால் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் ஒட்டிக்கொள்ளும். நுரை நிற்காது, குமிழிகள் உள்சுவரில் ஆங்காங்கே ஒட்டிக்கொண்டு நிற்கும். கழுவிய கிளாஸைத் தண்ணீரில் நனைத்துக் கவிழ்த்துப் பார்த்தால் தெரியும்: தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம், துளித்துளியாகப் பிரிந்து நின்றால் எண்ணெய். துணியால் துடைக்காமல் ராக்கில் கவிழ்த்துக் காற்றில் உலரவிட வேண்டும்.

இனி அடுப்புப் பக்கம். கவுண்டர் குளிரைக் காக்கிறது, அடுப்பு சூட்டைக் காக்கிறது, இரண்டும் ஒரே மேசையில் ஒரே நிமிடத்தில் சேர வேண்டும். நான்கு பேர் மேசையில் கோலா உருண்டை, மட்டன் சுக்கா, பன் பரோட்டா என்று சேர்த்துச் சொன்னால், எல்லாவற்றையும் ஒரே கேஓடியில், அதாவது சமையலறைக்குப் போகும் ஆர்டர் சீட்டில், உள்ளே தள்ளிவிடுவது பரிமாறும் புது ஸ்டூவர்டுகள் செய்யும் தவறு. கோலா உருண்டை ஆறு நிமிடத்தில் வந்துவிடும். வேகவைத்த கறி தயாராக இருந்தால் சுக்கா 12 நிமிடம். பரோட்டா கல்லிலிருந்து இறங்கிப் பத்து நிமிடம் கிடந்தால் தோலாகிவிடும். ஆகவே கோலாவை முதல் கிளாஸோடு, சுக்காவை இரண்டாவதோடு, பரோட்டாவை மேசையில் பேச்சு கொஞ்சம் தளரும்போது. அந்தத் தளர்வைப் பார்க்கத் தெரிந்தவர்தான் கேப்டன். “மாஸ்டர், ஏழாம் நம்பருக்கு இப்ப ஏத்தலாம்ணே” என்று அவர் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் அவருக்குச் சம்பளம்.

கோலாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், அதிகம் திரும்பி வரும் தட்டு அதுதான். எண்ணெயில் போட்டதும் பிரிந்து கரைகிறது என்றால் காரணம் ஈரம். கொத்துக்கறியைக் கழுவிவிட்டு நன்றாக வடியவிடவில்லை, அல்லது வதக்கும்போது நீர் வற்றவில்லை, அல்லது அரைக்கையில் வெங்காயம் கூடிப்போயிற்று. கிலோ கறிக்குச் சுமார் 150 கிராம் பொட்டுக்கடலை மாவு பிடிப்பைத் தரும். அதற்கு மேல் போட்டால் உருண்டை நிற்கும், ஆனால் மாவுருண்டையாக இருக்கும். முதலில் ஒன்றை மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். அது நின்றால்தான் மற்றவை. கூட்ட நேரத்தில் இருபதை ஒன்றாகக் கொட்டினால் எண்ணெயின் சூடு இறங்கி, உருண்டை எண்ணெயைக் குடித்துக்கொண்டு ஊறிக் கிடக்கும்.

காரத்தைப் பற்றியும் மாஸ்டரிடம் முன்கூட்டிப் பேசிவைப்பது நல்லது. மது வாயின் எரிச்சலைக் கூட்டும், சோடாவின் வாயு இன்னும் கூட்டும். சாப்பாட்டு ஹாலில் சரியாக இருக்கும் அதே சுக்கா பார் மேசையில் காரம் என்று திரும்பி வரும்.

மது ஊற்றும் அளவு விஷயத்தில் கண்ணை நம்பக் கூடாது, கை பழகிவிட்டது என்பதையும் நம்பக் கூடாது. ஸ்மால் 30 மில்லி, லார்ஜ் 60. ஒரு 750 மில்லி பாட்டிலில் பன்னிரண்டரை லார்ஜ். ஒவ்வொன்றிலும் 5 மில்லி கூடினால் பாட்டிலுக்கு ஒரு லார்ஜ் காணாமல் போகும். குறைந்தால் நம்மை நம்பி வந்தவரை ஏமாற்றியதாகும். வாடிக்கையாளருக்குத் தெரியாத இன்னொரு கணக்கையும் நாம் மனதில் வைத்திருக்க வேண்டும். 42.8 சதவீத விஸ்கி ஒரு லார்ஜில் சுமார் 26 மில்லி ஆல்கஹால். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 52 மில்லி. “பீர்தானே” என்று சொல்லி வாங்கும் ஒரு பாட்டில் இரண்டு லார்ஜுக்குச் சமம். ஒரு லார்ஜை உடல் கழிக்க இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகும். வண்டி ஓட்டுவதற்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். வெறும் வயிற்றில் ஒரே லார்ஜில் அதைத் தாண்டுகிறவர்கள் உண்டு.

அதனால் மேசை வேகமாகப் போகிறது என்று தெரிந்தால் மறுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. கேட்காமலே தண்ணீர் வைப்பது, அடுத்த ரவுண்டுக்கு முன் சுடச்சுட ஏதாவது சாப்பாட்டைக் கொண்டுபோவது, பில்லை எடுத்து வரட்டுமா என்று அவர்களில் நிதானமாக இருப்பவரிடம் மட்டும் கேட்பது. வண்டிச் சாவியைப் பற்றிப் பேசுவதும் அவரிடம்தான். “அண்ணே, ஆட்டோ சொல்லிவிட்டிருக்கேன், வண்டியைக் காலையில வந்து எடுத்துக்கங்க” என்று தனியாக, சத்தமில்லாமல் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். எல்லார் முன்னும் சொன்னால் ரோஷம் வந்துவிடும். 21 வயது நிரம்பாதவருக்குத் தமிழ்நாட்டில் மது பரிமாறக் கூடாது. சந்தேகம் வந்தால் முதல் கிளாஸுக்கு முன்பே அடையாள அட்டையைக் கேட்டுவிட வேண்டும், மூன்றாவது கிளாஸில் கேட்டால் அது சண்டை.

பில்லில் மதுவுக்கும் சாப்பாட்டுக்கும் தனித்தனி வரி. மது ஜிஎஸ்டிக்குள் வராது, மாநில வாட் வரிதான். ஆகவே இரண்டு பில் வரும் என்பதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிட்டால் கடைசியில் விளக்க வேண்டியதில்லை.

உரிமத்தில் உள்ள நேரத்துக்கு அரை மணி முன்னால் கடைசி ஆர்டர். அதன் பிறகுதான் எங்கள் இரவின் மற்ற பாதி. பிழிந்த சாறு சிங்குக்குப் போகிறது. கவுண்டர்த் தொட்டி ஐஸை அள்ளி வீசி, வெந்நீர் விட்டு, உலர்வதற்காக மூடியைத் திறந்து வைக்கிறோம். ஸ்கூப்பைக் கழுவித் தொட்டிக்கு வெளியே, கொக்கியில் மாட்டுகிறோம். நாளைய சோடா கிரேட்டை இப்போதே ஃப்ரிட்ஜில் அடுக்குகிறோம், காலையில் வருகிறவர் மறந்தாலும் குளிர்ந்திருக்கும். கடைசியாக ஐஸ் மெஷினை நிறுத்தாமல் விட்டுவிட்டு, அதன் மேல் ‘ஆஃப் பண்ணாதீங்க’ என்று எழுதிய அட்டையைச் சுவிட்சில் தொங்கவிடுகிறோம். விடியற்காலை இரண்டு மணிக்கு மேல்தான் மதுரைத் தொட்டித் தண்ணீர் கொஞ்சம் குளிர்கிறது. நாளை சாயங்காலத்துக்கான ஐஸ் அந்த நேரத்தில்தான் நன்றாக விழும்.