ஊரைக் கேட்காமல் சொன்ன பதில்

"அண்ணா, புது தெர்மாமீட்டரைக் கொதிக்கிற தண்ணியில வச்சா 92.5 தான் காட்டுது. ரிப்பேரா?"

வாட்ஸ்அப்பில் வந்த கேள்வி இவ்வளவுதான். கேட்டவர் வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கும் ஓர் அக்கா. கொதிநிலை 100, கருவி காட்டும் அளவைத் திருத்தும் கேல் (CAL) பட்டனை அழுத்தி 7.5 கூட்டிவிடுங்கள் என்று மேட்டுப்பாளையத்தில் இருந்தபடி பதில் போட்டேன். அவர் இருப்பது ஊட்டியில். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92.5 டிகிரியிலேயே கொதித்துவிடும். கருவி சரியாகத்தான் இருந்தது. ஊரை அவர் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

டார்க் சாக்லேட்டை 45-க்கு மேல் உருக்கி, 28-க்கு ஆற்றி, மறுபடி 31, 32-க்கு ஏற்றித்தான் அச்சில் ஊற்றுவார்கள். 7.5 கூட்டிக் காட்டும் கருவியில் 28 என்றால் உண்மையில் 20.5. அதற்குள் கிண்ணத்திலேயே களி மாதிரி இறுகிவிடும், இறுகியும்விட்டது. சாக்லேட் பழசு என்று நினைத்து வேறு கடையில் வாங்கினார். அதுவும் அப்படியே. கடைசியில் கருவியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி மலை இறங்கி வந்தார்.

இங்கே கொதிநீரில் 106-ஐத் தாண்டியது. ஐஸில் வைத்தேன்: 7.4. நான் கூட்டச் சொன்னது அப்படியே நின்றது. பட்டனை பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு நிமிடம். அந்தப் பயணமே தேவையில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. இந்தச் சோதனையை அவர் அடுப்படியிலேயே செய்திருக்கலாம்.

செய்முறை: டம்ளர் நிறைய ஐஸை நொறுக்கிப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் அதிகமாகி ஐஸ் மிதந்தால் அடியில் 3, 4 டிகிரி காட்டி ஏமாற்றும். கலக்கிவிட்டு, கம்பி முனை அடியிலோ சுவரிலோ படாமல் நடுவில் பிடித்து 2 நிமிடம் பொறுங்கள். 0-க்கு அரை டிகிரி இப்படி அப்படி இருந்தால் போதும். மலையானாலும் சமவெளியானாலும் இந்த 0 மாறாது. கொதிநிலைதான் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் இறங்கும்: குன்னூரில் சுமார் 94, கொடைக்கானலில் 93.

தப்பான பதிலை நான் அழிக்கவில்லை. அதற்குள் குன்னூரில் இரண்டு வீடுகளுக்கு அது போயிருந்தது. அழித்தால் அவர்களிடம் இருக்கும் நகல் திருந்தாது. "நேற்று சொன்னது தவறு, பட்டனை பழையபடி வையுங்கள்" என்பதை முதல் வரியாக வைத்து, காரணத்தைக் கீழே எழுதி, அவர்களுக்கும் அனுப்பச் சொன்னேன். செய்ய வேண்டியது முதல் வரியில் இருக்க வேண்டும். அடுப்பில் கை இருக்கும்போது யாரும் மூன்றாவது பத்தி வரை படிப்பதில்லை.

இப்போது யார் கேட்டாலும் பதிலுக்கு முன் கேட்பது: எந்த ஊர், ஐஸில் எவ்வளவு, பட்டனைத் தொட்டீர்களா.

போன வாரம் வந்தது இது: "கோத்தகிரி. ஐஸில் 0.2, கொதிநீரில் 94. பட்டனைத் தொடவில்லை. மாற்றணுமா?"

"வேண்டாம், சரியாக இருக்கிறது" என்று ஒரே வரியில் அனுப்பினேன்.