மிச்ச ஓலை

கைப்பணி ரீச்சர் காலமான செய்தி போன மாதம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ரீச்சர் என்றால் போதும், நம் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லத் தேவையில்லை. அன்றிரவு கனடாவில், ஸ்காபரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு மாமரத்தடியும் அந்த பிஸ்கற் ரின்னும்தான் கண்ணுக்குள் நின்றன.

1993ஆம் ஆண்டு மார்கழி. யுத்தத்தால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று மூன்று வருடங்கள் கடந்திருந்தன. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். பத்திரிகைகளே கொப்பித் தாளில் வந்த காலம். கடையில் வாழ்த்து மட்டை ஏது? பொங்கலுக்கு நாமே செய்வோம் என்றார் ரீச்சர். மட்டைக்குப் பழைய கலியாணக் கார்ட். அதன் பின்பக்கம் வெறுமையாக இருக்கும், தடிப்பாகவும் இருக்கும். பூவுக்கு ஓலை. பத்தாம் வகுப்பு அக்காமார் பெட்டி பின்னும்போது வெட்டி எறிகிற சார்வோலை, அதாவது இளம் பனையோலை நுனிகள் எல்லாம் அந்த ரின்னுக்குள் போகும். சிவப்பும் பச்சையும் சாயக்காரத் துண்டுகள். சாயம் தீர்ந்த பிறகு மஞ்சளில் அவித்தவை.

காய்ந்த நுனியை அப்படியே வெட்டினால் வெடிக்கும். தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துணியால் ஒற்றி, புத்தகத்துக்குள் வைத்து, மேலே ஒருத்தி ஏறி உட்கார வேண்டும். அப்புறம் சரிவாக வெட்டினால் ஒரு இதழ். ஐந்து இதழுக்கு நடுவே ஈர்க்கில் கீறி எடுத்த மெல்லிய நார். பசைக்குக் குழைந்த சோறு; பூச்சி அரிக்காமலிருக்க வேப்பிலை அவித்த தண்ணீர் இரண்டு சொட்டு. விரல் நுனியில் அந்தக் கசப்பு மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இருக்கும்.

எனக்குப் பெரிய பூ வேண்டும். ஜேர்மனியில் இருந்த அண்ணாவுக்கு அனுப்பப் போகிற மட்டை. ரின்னில் இருந்த நுனிகள் எல்லாம் குட்டை. அலுமாரிக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த முழு ஓலையில் ஒன்றை உருவி, நடுவால் வெட்டிவிட்டேன்.

ரீச்சர் அடிக்கவில்லை, சத்தமும் போடவில்லை. வெட்டின துண்டுகளை மேசையில் பரப்பி, "திரும்ப முழு ஓலையா அடுக்கிக் காட்டு, பிள்ளை" என்றார். அடுக்கினேன். சரிவாக வெட்டின இடமெல்லாம் முக்கோணம் முக்கோணமாக இடைவெளி. மணி அடிக்கும் வரைக்கும் முழு வகுப்பும் பார்த்துக்கொண்டிருந்தது. "முழுசை வெட்டிப்போட்டு மிச்சம் எண்டு சொல்லாதை" என்றார் கடைசியில். அந்த மட்டையை நான் முடிக்கவில்லை. அண்ணாவுக்கு வெறும் கடிதம்தான் போனது.

ரீச்சரோடு எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது. பதுங்குகுழிக்காகப் பனைகளை வரிசை வரிசையாகத் தறித்த வருடங்கள் அவை. ஒரு சார்வோலைக்கு ரீச்சர் எத்தனை வளவு ஏறி இறங்கியிருப்பார் என்று அந்த வயதில் யோசிக்கவில்லை. யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, மழையில் நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாக நகர்ந்தபோது, சைக்கிள் கரியரில் ஒரு ரின்னைக் கட்டிக்கொண்டு போன ஒரு பெண்ணைக் கண்டேன். ரீச்சர்தானா என்று இன்றுவரை தெரியாது. கூப்பிட்டிருக்கலாம்.

அடுத்த வருடம் ரீச்சர் திரும்பிப் போய் மறுபடி வகுப்பெடுத்தார் என்று தோழிகள் எழுதினார்கள். நான் கொழும்பு வழியாக இங்கே வந்துவிட்டேன். 2012இல் ஊருக்குப் போனபோது மூன்று கிழமை இருந்தேன். கோயில், கலியாணம், காணி அலுவல். ரீச்சரின் ஒழுங்கையைத் தாண்டி இரண்டு தரம் ஓட்டோவில் போனேன். அடுத்த முறை பார்ப்போம் என்று நினைத்தேன்.

சங்கம் அனுப்புகிற அனுதாப மட்டையில் கையெழுத்துப் போடக் கேட்டார்கள். வெள்ளை லில்லி அச்சடித்த, கடையில் வாங்கிய மட்டை. கையெழுத்துப் போட்டேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. அம்மா ஒடியல் போட்டுக் கொண்டுவந்த ஓலைப்பெட்டி ஒன்று வீட்டில் கிடக்கிறது, மூடி விளிம்பு உடைந்தது. உடைந்த பக்கத்திலிருந்து மட்டும் எடுத்து ஊறவைத்தேன். கலியாணக் கார்டுக்கு இங்கே பஞ்சமில்லை. பாஸ்மதிச் சோறு ஒட்டவில்லை. புழுங்கலரிசியைக் குழையவிட்டுப் பிசைந்தேன், ஒட்டியது. வேப்பிலை கிடைக்கவில்லை.

சின்னப் பூதான் வந்தது. ரீச்சரின் மகளுக்கு என்ன எழுதுவது என்று ஒரு மணி நேரம் பேனையோடு இருந்தேன். என் பெயரைச் சொன்னால் அவவுக்குத் தெரியாது. ஆகவே உள்ளே இப்படி எழுதினேன்: 'அம்மாவிடம் 93இல் படித்தவள். அந்த முழு ஓலையை வெட்டின பிள்ளை.'